தூதரகக் கேபிள்கள் யாரிடமிருந்து மறைக்கப்பட்டன? 2010 கசிவை மீண்டும் வாசித்தல்

பதிவு 1: பொருநை

விக்கிலீக்ஸ் இணையதளம் 2010 நவம்பர் 28 அன்று வெளியிடத் தொடங்கிய அமெரிக்கத் தூதரக ஆவணங்களைப் பற்றி (தூதரகங்களும் வாஷிங்டனும் ஒன்றுக்கொன்று அனுப்பும் இந்த அலுவல் செய்திகளைத்தான் ‘கேபிள்’ என்கிறார்கள்), நம்மில் பெரும்பாலோர் அன்றைய நாளிதழ்களில் படித்ததோடு நிறுத்திக்கொண்டோம். எந்தத் தலைவர் எந்தத் தலைவரை எப்படி வருணித்தார் என்ற அளவிலேயே அந்தச் செய்திகளில் பல நின்றுவிட்டன. சில மாதங்களாக அந்தக் கேபிள்களை நாடுவாரியாக எடுத்து, மாலை வேளைகளில் ஒவ்வொன்றாகப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க ஒரே கேள்விதான் மீண்டும் மீண்டும் எழுகிறது. அதை இங்கே வைக்கிறேன்.

மொத்தம் 2,51,287 ஆவணங்கள். 1966 டிசம்பரில் தொடங்கி 2010 பிப்ரவரி வரை நீள்பவை; உலகெங்கும் உள்ள 274 தூதரகங்கள், துணைத் தூதரகங்கள் ஆகியவற்றின் கடிதப் போக்குவரத்து. இவற்றில் ‘இரகசியம்’ என்று முத்திரையிடப்பட்டவை 15,652 மட்டுமே. பாதிக்கும் மேற்பட்டவற்றில் எந்த முத்திரையும் இல்லை. ‘மிக இரகசியம்’ என்ற உச்ச நிலையைச் சேர்ந்த ஒரு தாள்கூட இதில் கிடையாது. ஆகவே வல்லரசின் அடிமனத்தை இங்கே காண முடியாது. அதன் அன்றாடப் பேச்சைத்தான் காண முடியும். அந்த அன்றாடப் பேச்சே போதுமானது என்பது என் எண்ணம்.

ஏமன் தொடர்பான ஒரு கேபிளைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். 2009 டிசம்பர் 17 அன்று அபியான் மாகாணத்தின் அல் மஜலா என்ற சிற்றூரில் ஏவுகணைகள் விழுந்தன. தன் விமானப்படையே தாக்கியதாக ஏமன் அரசு அறிவித்தது. பொதுமக்கள் 41 பேர் இறந்தனர் என்றும் அவர்களில் 14 பேர் பெண்கள், 21 பேர் குழந்தைகள் என்றும் அந்நாட்டு நாடாளுமன்றக் குழு பின்னர் கண்டறிந்தது. இரண்டு வாரங்கள் கழித்து, 2010 ஜனவரித் தொடக்கத்தில், அமெரிக்கத் தளபதி டேவிட் பெட்ரேயஸ் ஏமன் அதிபர் அலி அப்துல்லா சாலேயைச் சந்திக்கிறார். தூதரக அதிகாரி குறிப்பெடுக்கிறார். அபியானில் தவறுகள் நேர்ந்துவிட்டன என்கிறார் சாலே. இறந்த பொதுமக்கள் ஒரு தீவிரவாதியின் மனைவியும் இரு குழந்தைகளும் மட்டுமே என்கிறார் தளபதி. உடனே சாலே தன் அமைச்சர்கள் பக்கம் திரும்பி, எத்தனை பேர் தீவிரவாதிகள், எத்தனை பேர் பொதுமக்கள் என்று அவர்களோடு நெடுநேரம் தடுமாறிப் பேசுகிறார். அதன்பின் அவர் தரும் வாக்குறுதிதான் உலகமறிந்தது: குண்டுகள் எங்களுடையவை, உங்களுடையவை அல்ல என்றே நாங்கள் தொடர்ந்து சொல்லிவருவோம். துணைப் பிரதமரோ, தாம் இப்போதுதான் நாடாளுமன்றத்தில் அவ்வாறு பொய் சொல்லிவிட்டு வந்ததாகச் சொல்லிச் சிரிக்கிறார்.

இந்த இரகசியம் எந்த எதிரியிடமிருந்து காக்கப்பட்டது? குண்டு எங்கிருந்து வந்தது என்பது அல் காய்தாவுக்குத் தெரியும். பிள்ளைகளை அடக்கம் செய்த ஊராருக்கும் தெரியும். தெரியாமல் வைக்கப்பட்டவர்கள் ஏமன் நாடாளுமன்றத்தினரும் அமெரிக்க வாக்காளர்களுமே. 2008 ஆகஸ்டில் பாகிஸ்தான் பிரதமர் கிலானி, ஆளில்லா விமானத் தாக்குதல் பற்றிப் பேசும்போது, சரியான ஆட்களைக் கொல்வதாக இருந்தால் தமக்கு மறுப்பில்லை, அவையில் கண்டனம் தெரிவித்துவிட்டுப் பின்னர் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவோம் என்று அமெரிக்கத் தூதரிடம் சொன்னதும் இதே வகையைச் சேர்ந்தது.

கசிந்த ஆவணங்கள் ஒரு வல்லரசின் வெளியுறவுக் கொள்கையைப் பற்றிக் காட்டும் முதன்மையான செய்தி இதுவே என்று கருதுகிறேன்: வல்லரசும் அதன் நட்பு நாட்டு ஆட்சியாளரும் சேர்ந்து, அந்த ஆட்சியாளரின் சொந்த மக்களிடமிருந்து மறைக்கும் ஏற்பாடு அது. மறுப்போர் மறுக்கலாம்.

பதிவு 2: மேலைக்காற்று

அம்மா, உங்கள் வாசிப்பின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் முப்பது ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் கோப்புக் குறிப்பு எழுதியவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. கோப்பில் கீழ்நிலை அலுவலர் எழுதும் குறிப்பு வேறு; மேலிடம் பிறப்பிக்கும் ஆணை வேறு. நான் எழுதிய குறிப்புகளில் பாதிக்கு ‘பார்த்தேன்’ என்ற ஒற்றைச் சொல்லும் சுருக்கொப்பமும்தான் திரும்பி வந்தன. தூதரகக் கேபிளும் அப்படிப்பட்டதே. ஒரு விருந்தில் கேட்டது, ஓர் எதிர்க்கட்சிக்காரர் தன் நலத்துக்காகச் சொன்னது, பத்திரிகையாளரின் ஊகம் என எல்லாம் அதில் வரும். இறுதியில் ‘கருத்து’ என்று தலைப்பிட்டுத் தூதரகம் தன் மதிப்பீட்டை எழுதும். கேட்டதையும் தூதரகத்தின் சொந்த மதிப்பீட்டையும் பிரிக்காமல் ‘அமெரிக்கா சொல்கிறது’ என்று எழுதுவது பெரும்பிழை.

அன்றைய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் கசிவு வெளிவந்த இரண்டே நாட்களில் சொன்னதையும் நினைவூட்டுகிறேன். இது சங்கடம்தான், ஆனால் வெளியுறவுக் கொள்கையில் இதன் விளைவு மிதமாகவே இருக்கும்; பிற அரசுகள் எங்களோடு பழகுவது எங்களைப் பிடித்திருப்பதாலோ, நம்புவதாலோ, நாங்கள் இரகசியம் காப்போம் என்பதாலோ அன்று, அவர்களுக்கு அது தேவையாக இருப்பதால்தான் என்றார் அவர். ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. மெக்சிகோவில் இருந்த தூதர் பதவி விலகினார், எக்வடோரில் இருந்தவர் வெளியேற்றப்பட்டார், உறவுகள் தொடர்ந்தன.

மேலும், இந்தக் கேபிள்களில் நான் கண்டது பெரும்பாலும் நேர்மையான, கூர்மையான எழுத்து. துனீசியா பற்றித் தூதர் ராபர்ட் கோடெக் எழுதியவற்றைப் படியுங்கள். அந்நாட்டுச் செய்தித்தாள் எதுவும் எழுதத் துணியாததை அவர் எழுதியிருக்கிறார்.

பதிவு 3: நிலவரை

துனீசியாவை ஐயா எடுத்தது நல்லது. ஆனால் அந்த எடுத்துக்காட்டு அவர் பக்கம் நிற்கவில்லை என்றே எனக்குப் படுகிறது.

2009 ஜூலையில் கோடெக் எழுதிய இரண்டு கேபிள்களை அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும். ஒன்று, அதிபர் பென் அலியின் மருமகன் சாகிர் அல் மத்ரியின் கடற்கரை மாளிகையில் நடந்த விருந்தைப் பற்றியது. பிரான்சின் சன் த்ரோப்பே நகரிலிருந்து விமானத்தில் வரவழைக்கப்பட்ட உறைதயிர் பரிமாறப்படுகிறது. வீட்டில் ஒரு கூண்டு. அதற்குள் பாஷா என்ற புலி. அது நாளொன்றுக்கு நான்கு கோழிகள் தின்னும் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். பாக்தாதில் சதாமின் மகன் உதய் சிங்கத்தை வைத்திருந்த கூண்டு தமக்கு நினைவுக்கு வந்ததாகத் தூதர் குறித்து வைக்கிறார். வேலையின்மையில் ஊர்ப்புற இளைஞர்கள் வாடிக்கொண்டிருந்த நாட்டில் நடந்த விருந்து இது.

மற்றொன்று, சில நாட்களுக்கு முன் எழுதப்பட்ட, விருந்து இல்லாத, யாரும் பெரிதாகப் பேசாத கேபிள். கொள்கை அதில்தான் இருக்கிறது. துனீசியா ஒரு காவல்துறை அரசு, பேச்சுரிமை இல்லை, ஆளும் குடும்பத்தின் ஊழலை மக்கள் வெறுக்கிறார்கள் என்றெல்லாம் தெளிவாகச் சொல்லிவிட்டு, நாம் என்ன செய்ய வேண்டும் என்று அது கேட்கிறது. விடையையும் அதுவே தருகிறது: துனீசியாவைக் கைவிட முடியாது, நமக்கு அங்கே அக்கறைகள் அதிகம், ஆகவே மனித உரிமை பற்றி உயர்மட்டத்தில் தனியாக உறுதியுடன் பேசுவோம், பொதுவெளியில் செய்யும் கண்டனத்தைக் குறைத்துக்கொள்வோம்.

பொதுவெளியில் பேசும் சொல் ஒன்றுதான் துனீசிய மக்கள் காதில் விழக்கூடியது. அதைத்தான் குறைக்கச் சொன்னார்கள். உண்மையை நன்கறிந்து, நேர்மையாக எழுதி, அதன்பின் மௌனத்தைப் பரிந்துரைக்கும் இந்த நடைமுறைதான் என்னை அதிகம் வருத்துகிறது. எழுதியவர் அறியாமல் செய்திருந்தால் மன்னித்துவிடலாம்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கேபிள்களால்தான் துனீசியப் புரட்சி வெடித்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அது அம்மக்களைச் சிறுமைப்படுத்தும் பேச்சு. நவாத் என்ற துனீசிய இணையதளம் கசிவு தொடங்கிய அன்றே இந்தக் கேபிள்களைத் தனியாகத் தொகுத்து வெளியிட்டது உண்மைதான். ஆனால் 2010 டிசம்பர் 17 அன்று சிதி பூசித் நகரில் முகமது பூவஸீஸி தன் உடலில் தீ வைத்துக்கொண்டது, தள்ளுவண்டியில் காய்கனி விற்றுப் பிழைக்கக்கூட விடாத அவமானத்தால். பென் அலி 2011 ஜனவரி 14 அன்று நாட்டை விட்டு ஓடினார்.

பதிவு 4: வல்லை

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்பொழுது புலம்பெயர்ந்து வாழ்பவன். கொழும்பிலிருந்து தூதுவர் பட்ரீசியா பியூட்டெனிஸ் 2010 ஜனவரி 15 அன்று எழுதிய கேபிளைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். எங்களுக்கு அது வெறும் ஆவணம் அன்று.

முள்ளிவாய்க்கால் முடிந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. ஜனாதிபதித் தேர்தலுக்குப் பதினொரு நாட்களே இருந்தன. போட்டியிட்டவர்கள் மகிந்த ராஜபக்சவும் சரத் பொன்சேகாவும். போர்க்குற்றப் பொறுப்புக்கூறல் ஏன் நகரவில்லை என்று விளக்க முனையும் தூதுவர், ஓர் ஆட்சி அதிகாரத்தில் இருக்கும்போதே தன் சொந்தப் படையினர் மீதோ மூத்த அதிகாரிகள் மீதோ முழுமையான போர்க்குற்ற விசாரணை நடத்தியதற்கு எங்களுக்குத் தெரிந்த எடுத்துக்காட்டு எதுவும் இல்லை என்று எழுதுகிறார். இலங்கையில் நிலைமை இன்னும் சிக்கலாவதற்குக் காரணம், குற்றச்சாட்டுகள் பலவற்றுக்கான பொறுப்பு நாட்டின் மிக உயர்ந்த அரசியல், இராணுவத் தலைமையிடமே இருப்பதுதான் என்கிறார். ஜனாதிபதி, அவருடைய சகோதரர்கள், எதிர்த்து நின்ற ஜெனரல் பொன்சேகா ஆகியோரையும் குறிப்பிடுகிறார். தமிழ்த் தலைவர்கள் பொறுப்புக்கூறலை முக்கியமாகக் கருதினாலும், இப்போது உள்நாட்டில் அதை வலியுறுத்தினால் தமக்கு ஆபத்து என்று அஞ்சுவதையும், இடம்பெயர்ந்தோரின் மீள்குடியேற்றமே அவர்களுடைய உடனடிக் கவலையாக இருப்பதையும் அதே கேபிள் பதிவு செய்கிறது.

மேலைக்காற்று ஐயா சொல்லும் நேர்மையான எழுத்துக்கு இதைவிடச் சிறந்த சான்று இல்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று எங்களுக்குச் சொல்லப்பட்டது என்ன? உள்நாட்டுப் பொறிமுறை மூலம் பொறுப்புக்கூறல் நடக்க வேண்டும், இலங்கை அரசுக்கு அதற்கான காலம் கொடுக்க வேண்டும் என்பதுதானே. உள்நாட்டு விசாரணை நடக்காது என்பதைத் தன் தூதுவரே எழுதிக் கொடுத்த பின்னரும் அந்தக் காலம் கொடுக்கப்பட்டது. ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமை அவையில், அமெரிக்கா முன்னெடுத்த முதல் தீர்மானம் 2012 மார்ச்சில்தான் வந்தது. அதுவும் இலங்கை அரசு தானே அமைத்த ஆணைக்குழுவின் பரிந்துரைகளை நிறைவேற்றுமாறு அதே அரசையே கேட்டது.

இந்த ஒரு தாள் 2010 ஜனவரியிலேயே எங்கள் கையில் இருந்திருந்தால் எதுவும் மாறியிருக்குமா என்று எனக்குள் பலமுறை கேட்டிருக்கிறேன். மாறியிராது என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும், நாங்கள் மிகைப்படுத்துகிறோம், ஆதாரம் எங்கே என்று எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் அலுவலக அலமாரியில் அது இருந்தது என்பதை அறிந்தபோது ஏற்பட்ட வலி இன்றும் ஆறவில்லை.

பதிவு 5: தாழங்குடி

வல்லை அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

நான் சட்டம் படித்தவள். கசிந்த ஒரு கேபிள் நீதிமன்றத்துக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாகோஸ் தீவுகளின் வழக்கைச் சொல்கிறேன். இந்தியப் பெருங்கடலின் நடுவே உள்ள அத்தீவுகளிலிருந்து, தியாகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் அமைப்பதற்காக, 1968 முதல் 1973 வரை பூர்வகுடிகள் அனைவரையும் பிரிட்டன் வெளியேற்றியது. மொரீசியசிலும் சேஷெல்சிலும் வறுமையில் தள்ளப்பட்ட அவர்கள் திரும்பிச் செல்லும் உரிமைக்காகப் பல ஆண்டுகளாக வழக்காடி வருகிறார்கள்.

2010 ஏப்ரல் 1 அன்று, சாகோஸ் கடற்பரப்பு முழுவதையும் கடல்வாழ் உயிரினக் காப்பகமாகப் பிரிட்டன் அறிவித்தது. பவளப்பாறைகளைக் காக்கும் முயற்சி என்று சூழலியல் அமைப்புகள் பல பாராட்டின. ஓராண்டுக்கு முன் நடந்ததை லண்டன் தூதரகத்தின் 2009 மே மாதக் கேபிள் சொல்கிறது. பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகத்தின் உயரதிகாரி காலின் ராபர்ட்ஸ், காப்பகம் அமைந்தால் அந்தத் தீவுகளில் மனிதக் காலடித் தடமே இராது என்றும், முன்னாள் குடிகளின் மீள்குடியேற்றக் கோரிக்கை அத்துடன் முடிந்துபோகும் என்றும் அமெரிக்கர்களிடம் விளக்கியதாக அதில் பதிவாகியிருக்கிறது. இறுதியில், ஐயா சுட்டிய அந்தக் ‘கருத்து’ப் பகுதியில், அம்மக்களும் அவர்களுடைய வழித்தோன்றல்களும் திரும்பி வருவதை நீண்டகால நோக்கில் தடுக்க இதுவே மிகப் பயனுள்ள வழியாக இருக்கலாம் என்று தூதரகமும் எழுதுகிறது. படைத்தளத்தின் செயல்பாட்டுக்கு இடையூறு வராது என்பதை உறுதி செய்துகொள்வதே அமெரிக்கத் தரப்பின் கவலை.

சாகோஸ் மக்களின் தலைவர் ஒலிவியே பான்கூல்ட் இந்தக் கேபிளை லண்டன் நீதிமன்றத்தில் சான்றாக வைத்தார். அந்த அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தபோதே தடை வந்தது: தூதரக ஆவணங்கள் மீறப்படக்கூடாதவை என்று 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை கூறுவதால் இதைச் சான்றாக ஏற்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2018 பிப்ரவரியில், பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் அந்தக் கருத்தைத் திருத்தியது. ஏற்கெனவே உலகம் முழுவதும் பரவிவிட்ட ஆவணத்தைச் சான்றாக ஏற்கலாம் என்றது. ஆனால் ஏற்றிருந்தாலும் முடிவு மாறியிராது என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லி, மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தார்கள். சான்று வென்றது, மக்கள் தோற்றார்கள்.

அதே தியாகோ கார்சியாவில்தான் 2021 அக்டோபரில் பழுதான படகில் வந்து சேர்ந்த ஈழத்தமிழ் ஏதிலியர் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகக் கூடாரங்களில் அடைந்து கிடந்தனர் என்பதை இங்கே சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. சொந்தக் குடிகள் கால் வைக்கக்கூடாத தீவு, தஞ்சம் தேடி வந்தவர்களுக்குச் சிறையாயிற்று.

பதிவு 6: மேலைக்காற்று

சாகோஸ் கேபிளின் இறுதிப் பத்தியை எடுத்துப் படித்தேன். அது வெறும் செவிவழிச் செய்தி அன்று, தூதரகத்தின் சொந்த மதிப்பீடு என்பதை ஏற்கிறேன். என் முதல் பதிவின் கடுமையை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்கிறேன்.

ஆனால் மறுபக்கம் ஒன்று இந்த இழையில் பேசப்படாமலே போகிறது. முதலில் ஐந்து பெரும் இதழ்கள், தூதரகத்தோடு பேசியவர்களின் பெயர்களை மறைத்து, சிறிது சிறிதாகத்தான் கேபிள்களை வெளியிட்டன. 2011 செப்டம்பர் 2 அன்று விக்கிலீக்ஸ் அத்தனை ஆவணங்களையும் எந்தப் பெயரையும் மறைக்காமல் வெளியிட்டது. அந்த ஐந்து இதழ்களும் அதைக் கண்டித்தன. ஆவணங்கள் முழுவதும் அடங்கிய பூட்டிய கோப்புக்கான கடவுச்சொல் முன்பே ஒரு புத்தகத்தில் அச்சாகிவிட்டதால், அந்த வெளியீட்டுக்கு யார் காரணம் என்ற சர்ச்சை இன்றும் தீரவில்லை. யார் காரணமானாலும் விலை கொடுத்தவர்கள் எளியவர்கள். எத்தியோப்பியப் பத்திரிகையாளர் அர்காவ் அஷீனின் பெயர் ஒரு கேபிளில் இருந்தது. அரசு அலுவலர்களும் காவல்துறையும் அவரை அழைத்து, உனக்குச் செய்தி சொன்னவர் யார் என்று கேட்டுக் கெடு விதித்தனர். அவர் நாட்டை விட்டுத் தப்பியோடினார்.

பொருநை அம்மா எழுப்பிய கேள்வியையே நான் திருப்பிக் கேட்கிறேன். மறைக்கப்பட்ட பெயர்களில் ஒரு பகுதியாவது, அடக்குமுறை அரசிடமிருந்து அதன் குடிமகனைக் காப்பதற்காக மறைக்கப்பட்டவை அல்லவா? தூதரகத்தில் தனியாகப் பேசியவர்கள் எல்லோரும் சாலேயும் கிலானியும் அல்லர்.

பதிவு 7: பொருநை

ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது. எதிரியிடமிருந்து எதையும் மறைக்கவில்லை என்ற பொருள் தரும்படி என் முதல் பதிவை எழுதிவிட்டேன், அது தவறு. அர்காவ் அஷீனைப் போன்றவர்களின் பெயரை மறைப்பதும் சாலேயின் வாக்குறுதியை மறைப்பதும் ஒரே முத்திரையின் கீழ் நடந்தன என்பதே என் குற்றச்சாட்டு என்று திருத்திக்கொள்கிறேன். முதலாவதைக் காட்டித்தான் இரண்டாவதை எப்போதும் நியாயப்படுத்துகிறார்கள். அல் மஜலாவில் குண்டு யாருடையது என்று சொல்லியிருந்தால் எந்த ஏழைச் செய்தியாளருக்கும் ஆபத்து வந்திராது.

குறிப்பு வேறு, ஆணை வேறு என்று நீங்கள் பிரித்ததற்கும் ஒரு மறுமொழி பாக்கி இருக்கிறது. எல்லாக் கேபிள்களும் கீழிருந்து மேலே போனவை அல்ல. 2009 ஜூலையில் அன்றைய வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளிண்டனின் பெயரில் வாஷிங்டனிலிருந்து தூதரகங்களுக்கு வந்த ஒரு கேபிள், ஐக்கிய நாடுகள் அவையின் அதிகாரிகளைப் பற்றித் தகவல் திரட்டச் சொல்கிறது. கடன் அட்டை எண்கள், விமானப் பயணத் திட்டக் கணக்கு எண்கள், உடல் அடையாள விவரங்கள் வரை பட்டியல் நீள்கிறது. பொதுச்செயலர் பான் கி மூனும் அதற்கு விலக்கில்லை. உளவுத்துறை தயாரித்த பட்டியல்தான், அமைச்சர் பெயர் வழக்கப்படி சேர்க்கப்பட்டது என்று விளக்கம் தந்தார்கள். அப்படியே இருக்கட்டும். அது ‘பார்த்தேன்’ என்று திரும்பி வரும் குறிப்பு இல்லை. தூதரை உளவாளியாக்கும் ஆணை. தூதர் என்ற பதவிக்கு நாடுகள் கொடுக்கும் மதிப்பின் மேல் வைத்த கை அது.

வல்லை அவர்களே, அலமாரியில் இருந்த அந்தத் தாளைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. அந்தக் கேபிள் முழுவதையும் பத்தி பிரித்துத் தமிழாக்கி இந்த இழையிலேயே இட எண்ணியிருக்கிறேன். வரைவை முதலில் உங்களுக்கு அனுப்புகிறேன். ஈழத்து வழக்குச் சொற்களையும் ஆட்களின் பெயர்களையும் நீங்கள் சரிபார்த்துத் தர வேண்டும்.

அடுத்ததாக ஹெயிட்டியின் 2009ஆம் ஆண்டுக் கேபிள்களை எடுத்திருக்கிறேன். நாள் கூலியை 200 கூர்து (அந்நாட்டு நாணயம்) ஆக உயர்த்த அந்நாட்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை, ஆடை ஆலை உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். பொருளாதார நிலைமையைக் கணக்கில் கொள்ளாத சட்டம் அது என்று தூதரகமும் எழுதியது. இறுதியில் ஆலைத் தொழிலாளருக்கு மட்டும் 125 கூர்து என்று ஆயிற்று. உள்ளூர்ப் பத்திரிகைகள் அப்போது எழுதியதையும் உடன் வைத்துப் படிக்க விரும்புகிறேன். அவை பிரெஞ்சிலும் கிரியோலிலும் இருக்கின்றன. புதுச்சேரி உறவுகளில் பிரெஞ்சு நன்கறிந்தவர்கள் யாரேனும் இருந்தால் இங்கே தெரிவியுங்கள்.